சத்தம் புகாத அறை

முதலில் வந்தது சங்கீதம்தான். தடிமன் பிடித்த புல்லாங்குழல் மாதிரி, ஒரே இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டு தூரத்தில் கேட்டது. பிறகு ஒழுங்கைக்குள் திரும்பியது. பிறகு என் தலைமாட்டுக்கு நேரே வந்து நின்றுவிட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. ஓட்டோவில் பேக்கரிப் பாண் விற்கிற ஒருவருக்காகக் கண்ணைத் திறப்பதில்லை என்பது என் கொள்கை.

"இஞ்சருங்கோ, பாண் வாங்கவோ, பணிஸ் வாங்கவோ?"

கண்ணைத் திறந்தேன்.

"துஷி, நான் நித்திரை."

"நித்திரையான ஆக்கள் கதைக்கிறேல்ல. பாணோ பணிஸோ?"

"பாண்."

"பாண் முடிஞ்சுதாம்."

நான் இரவில் வேலை செய்து பகலில் நித்திரை கொள்கிறவன். கொள்ள முயல்கிறவன் என்று சொல்வதுதான் சரி. பம்பலப்பிட்டியில் ஒரு கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில், பதினாறு கமராக்களின் படம் ஒரு சுவர் முழுக்க ஓடும். விடியும்வரை நான் அதற்கு முன்னால் இருப்பேன். எந்தக் கடைக் கதவு அசைந்தாலும், எந்தப் பூனை படியேறினாலும் எனக்குத் தெரியும். யோகராஜின் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் நடக்காது என்று மனேஜர் நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். அதை நான் வீட்டில் வந்து சொன்னது பிழை.

விடிய வந்து படுத்தால் கொட்டாஞ்சேனை எழும்பிவிடும். பாண் சங்கீதம். மீன்காரர். லொத்தர்ச் சீட்டுக்காரரின் ஒலிபெருக்கி. கோயில் மணி, அது ஓய மாதா கோயில் மணி. எல்லாம் ஓய்ந்து, மத்தியானம் தாண்டி, கண் மெல்லச் சொக்குகிற நேரம் பார்த்து என் மனைவி துஷ்யந்தியின் ரியூஷன் வகுப்பு தொடங்கும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகள். "ஏழேழு நாப்பத்தொன்பது!" எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அதில் மயில் போட்டிருக்கும். மயிலுக்கும் வாய்ப்பாடு பாடம்.

மனிதனுக்குக் கனவு என்று ஒன்று இருக்க வேண்டும். என் கனவிலும் பெருக்கல்தான் வந்தது.

நாங்கள் இருந்தது வாடகை வீடு. அதே ஒழுங்கையின் கோடியில் மூன்றரைப் பேர்ச் அளவில் ஒரு சின்னக் காணித்துண்டு இருந்தது. துஷ்யந்தியின் சீதனம். அதில் நின்ற பழைய வீட்டுக்குள் மழை வெளியில் பெய்வதைவிடக் கூடுதலாகப் பெய்யும். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று போன வருடம் முடிவானது. முடிவெடுத்தது அவள். காணி அவளுடைய பெயரில். ஆலோசனை முழுவதும் என் பொறுப்பில்.

அன்றைக்குத்தான் நான் சபதம் எடுத்தேன். இந்த வீட்டை என் நித்திரையைச் சுற்றிக் கட்டுவேன்.

கமராவில் பூனை வராத நேரங்களில் வீடு கட்டுகிற வீடியோக்களைப் போனில் பார்த்தேன். காற்று எப்படி வரும், வெயில் எப்படி விழும், சத்தம் எப்படிச் சுவருக்குள் புகுந்து போகும் என்று எல்லாம் நானாகவே படித்தேன். படித்ததை எனக்குள் வைத்திருக்கவில்லை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் ஆலோசனை சொன்னேன். வீடு கட்டுகிற எண்ணமே இல்லாதவர்களுக்கும் சொன்னேன். புறக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு மனிதர் என்னுடைய அத்திவாரம் பற்றிய விளக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு, இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்து போனார். அவருடைய வீடு விழாமல் இருக்க வேண்டும்.

நீங்கள் வீடு கட்டுவதாக இருந்தால் என் முதல் ஆலோசனை இது. எந்த அறை யாருக்கு என்று கேட்காதீர்கள். யார் எப்போது நித்திரை கொள்வார் என்று கேளுங்கள். பின்னால் இதை நானே திருத்தவேண்டி வந்தது. அதை இடம் வரும்போது சொல்கிறேன்.

படத்தைக் கீறிக்கொண்டு போய்த் துஷ்யந்தியிடம் விரித்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். ஏனென்றால் பிள்ளைகளுக்கென்று தனி அறை ஒன்று வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மூன்றரைப் பேர்ச்சில் ஒரு ஹோல், ஒரு குசினி, எங்கள் மகளுக்கு ஒரு அறை போக, இன்னும் ஒரேயொரு அறைக்குத்தான் இடம். அது அவளுடைய வகுப்பறையாக இருக்கலாம். அல்லது என்னுடைய நித்திரை அறையாக இருக்கலாம்.

"பின்பக்கம் இது என்ட ரூம்," என்றேன்.

"சரி."

நான் கொண்டுபோன பதில்கள் எல்லாம் கையில் அப்படியே நின்றன.

"சுவர் ரெண்டு மடங்கு தடிப்பு. சத்தம் புகாது."

"நல்லது."

"ஒழுங்கைப் பக்கம் யன்னல் இல்ல. மேல உயரத்தில சின்னக் கண்ணாடி, ரெண்டு தட்டு."

"அதுவும் நல்லது. வெளிய பராக்குப் பாக்க ஏலாது."

"நித்திரை கொள்ளுற ஆள் ஏன் பராக்குப் பாக்கிறான்?"

"அதத்தான் நானும் சொல்லுறன்."

"கதவு ரெண்டு. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. முதல் கதவைத் தாண்டி வாற சத்தம் ரெண்டாவதில செத்துப்போகும்."

"ஓம்."

"பக்கத்து ஒழுங்கையால தனி வாசல். விடிய வந்தா உங்கள் ஒருத்தரையும் எழுப்பாம நான் நேர உள்ள போகலாம்."

"தனி வாசல் கட்டாயம் வேணும்."

"உள்ளுக்கயே பாத்ரூம்."

"பாத்ரூம் இல்லாம சரிவராது."

நான் படத்தைச் சுருட்டப் போனேன். அவள் கையைப் பிடித்தாள். காரியம் இருந்தால் மகளைப் போல அவளும் என்னை அப்பா என்பாள்.

"அப்பா, ரூமை இன்னும் கொஞ்சம் பெருசாக் கீறுங்கோ."

"ஒரு ஆளுக்கு இது காணாதோ?"

"காத்து வேணுமெல்லோ. ஹோல்ல கொஞ்சம் குறையுங்கோ."

குறைத்தேன். என் அறை ஹோலைவிடப் பெரிதாகியது. பென்சிலைக் கீழே வைத்தேன்.

"அப்ப உம்மட வகுப்பு?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் முதல்ல உங்கட ரூமை வடிவா யோசியுங்கோ. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

கலியாணம் கட்டிய நாளில் இருந்து துஷ்யந்தி எதற்கும் முதல் தடவையில் "ஓம்" சொன்னதில்லை. கோயிலில் ஐயர் தாலியை நீட்டியபோதே "ஒரு நிமிசம்" என்று சொல்லிச் சேலையைச் சரிசெய்தவள். அதை நான் அப்போது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் நினைத்தது வேறு. இவ்வளவு காலமும் இந்தப் பெண்ணை நான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லையே என்று நினைத்தேன். அந்த நினைப்பு மட்டும் பிழையில்லை.

வீட்டைக் கட்டுகிற மேசன் பாஸ் மக்கீன் நானா தெமட்டகொடையில் இருந்து தன்னுடைய இரண்டு ஆட்களோடு வருவார். அவர்கள் வரும் நேரம் நான் நித்திரைக்குப் போகும் நேரம். ஆகவே ஒரு முறை கண்டுபிடித்தேன். வேலை முடிந்து விடியற்காலையில் நேரே காணிக்குப் போவேன். வெண்கட்டியால் நிலத்தில் கோடு போடுவேன். இங்கே கதவு, இங்கே கட்டில், இங்கே கை கழுவுகிற பேசின் என்று சுவரிலும் எழுதுவேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் படுப்பேன்.

பின்னேரம் எழும்பிப் போய்ப் பார்த்தால் வீடு வேறு மாதிரி வளர்ந்திருக்கும்.

ஒரு ஆள் புகுகிற அளவுக்கு நான் கோடு போட்ட வாசல், ஒரு அலுமாரியை நிமிர்த்திக்கொண்டு போகிற அளவுக்கு அகன்றிருந்தது.

"நானா, நான் போட்ட கோடு எங்க?"

"டீச்சர் தும்புத்தடியால கூட்டிட்டாங்க. பொறகு அவங்க ஒரு கோடு போட்டாங்க."

"நீங்கள் ஆற்ற கோட்டைக் கேப்பீங்கள்?"

மக்கீன் நானா சாந்துக் கரண்டியைத் துடைத்தபடி யோசித்தார்.

"தம்பி, எனக்கு ரெண்டு கோடும் ஒண்டுதான். ஆனா பத்து மணிக்குப் பிளேன்ரீ தாறது டீச்சர்."

இதுதான் எனக்குத் தெரியாத சாஸ்திரம். ஒரு வீடியோவிலும் இதைச் சொல்லவில்லை. கொழும்பில் மேசனுக்கு வீட்டுக்காரர் என்பவர் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேத்தண்ணி கொண்டுவருகிறவர். காணி உறுதிப் பத்திரத்தில் யாருடைய பெயர் என்பது இரண்டாம் விசயம். இங்கே இரண்டிலும் அவளே இருந்தாள்.

"வாசலை ஏன் அகலமாக்கினீர்?" என்று வீட்டில் கேட்டேன்.

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். நான் வயிற்றை எக்கிக்கொண்டு குளிக்கப் போனேன்.

நிலை வைக்கிற நாள் வந்தது. முன்வாசலுக்கு நிலை வைத்துத் தேங்காய் உடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஐயரை அவள் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். என் தனிவாசலுக்கும் ஒரு பூசை. நிலையில் சரஸ்வதி படம் வைத்து, பூ வைத்து, கற்பூரம் காட்டினார்கள்.

"துஷி, படுக்கிற அறைக்கு ஏன் சரஸ்வதி?"

"நீங்கள் தனியப் படிச்ச மனிசன். உங்கட ரூமுக்கு வேற ஆரை வைக்கிறது?"

ஐயர் என்னை மரியாதையாகப் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். என்னைப் படித்தவன் என்று ஐயருக்கு முன்னால் சொன்ன முதல் ஆள் என் மனைவி. அன்றைக்கு அவள் அத்திவாரத்தைக் கேட்டிருந்தாலும் தோண்டிக் கொடுத்திருப்பேன்.

ஆனாலும் பேசின் விசயத்தில் பொறுமை போய்விட்டது. என் இடுப்பளவுக்குப் போட்டிருந்த கோட்டை விட்டு, என் முழங்காலளவில் பேசினைப் பூட்டியிருந்தார்கள். பக்கத்தில் சட்டை கொழுவுகிற கொழுக்கிகள், ஒரு வரிசை முழுக்க, அதே உயரத்தில்.

"இது ஆருக்கு? முயலுக்கோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் களைச்சு வாறனீங்கள். ஏன் கையை உயர்த்துவான்?" என்றாள்.

"பேசின்?"

"இருந்துகொண்டு மூஞ்சி கழுவலாம்."

இதில் ஏதோ நியாயம் இருக்கிறது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. நித்திரை இல்லாத மனிதனுக்கு எல்லா நியாயமும் அப்படித்தான் தெரியும். ஆனால் ஒன்று விளங்கியது. தேத்தண்ணியைக் கைப்பற்றாமல் இந்த வீட்டைக் கைப்பற்ற முடியாது.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து நான் படுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு காத்திருந்தேன். பத்து மணிக்கு ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய இஞ்சி போட்ட பிளேன்ரீ. கடையில் சூடாக வாங்கிய மீன் பணிஸ் ஒரு பை. துஷ்யந்தி சந்தைக்குப் போயிருந்தாள். காணிக்குள் ஒரு வீட்டுக்காரரைப் போல நுழைந்தேன்.

"வாங்கோ நானா! எல்லாரும் வாங்கோ! இண்டைக்குத் தேத்தண்ணி நான்தான்."

மூவரும் வேலையை நிறுத்தினார்கள். பக்கத்தில் வரவில்லை. பணிஸின் வாசம் அவர்களைத் தேடிக்கொண்டு போனது. ஒருவர் வானத்தைப் பார்த்தார். மற்றவர் மண்வெட்டியைப் பார்த்தார்.

"தம்பி," என்றார் மக்கீன் நானா, மிக மெதுவாக. "நோன்பு."

நான் மூடியைத் திறந்த பிளாஸ்க்கோடு நின்றேன். இஞ்சி மணத்தது.

"எப்ப தொடங்கினது?"

"பத்து நாளாச்சு. இப்ப வெள்ளன வந்து வெள்ளனப் போறோம். டீச்சர்தான் அப்படி வையுங்க எண்டு சென்னாங்க. நோன்பு தொறக்க ஈச்சம்பழமும் தந்துதான் அனுப்புறாங்க. நல்ல மனுசி. நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வாணாம். கொண்டுபோய் நித்திர கொள்ளுங்க."

பக்கத்து வாசலில் கதிரை போட்டிருந்த றேமண்ட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பகல் முழுக்க எங்கள் வீடு வளர்வதைப் பார்ப்பதுதான் அவருக்கு இப்போது உத்தியோகம்.

"பணிஸ் மீனோ, மரக்கறியோ?" என்று கேட்டார்.

ஒன்று கொடுத்தேன். வாங்கிக் கடித்துவிட்டு, "மச்சான், நீர் ராவில பாக்கிறீர், நான் பகலில பாக்கிறன். உமக்குச் சம்பளம், எனக்கு விசயம்," என்றார்.

மிச்சப் பணிஸை வீட்டுக்குக் கொண்டுபோனேன். துஷ்யந்தி சந்தையால் வந்து பையைத் திறந்து பார்த்தாள்.

"அவையள் நோன்பு எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஒழுங்கைக்கே தெரியும். நீங்கள் நித்திரை."

"நான் எப்ப நித்திரை கொண்டனான்?"

"அதுவும் ஒழுங்கைக்குத் தெரியும்."

அன்று பின்னேரம் புலமைப்பரிசில் பிள்ளைகள் மீன் பணிஸ் சாப்பிட்டுவிட்டு எட்டாம் வாய்ப்பாட்டைப் புதுத் தென்போடு சொன்னார்கள்.

அதோடு நான் கோடு போடுவதை விட்டேன். எனக்கென்று ஒரே ஒரு வேலை மிஞ்சியது. என் அறையின் மேல்தளத்துக்குப் போட்ட கொங்கிறீற் சிலாப்புக்கு விடியக் காலையில் ஹோஸ் பைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பது. அடிக்காவிட்டால் வெடித்துவிடும். வெயிலுக்கு முன்னால் அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் விழித்திருக்கிற ஒரே மனிதன் நான். "இதை உங்களத் தவிர வேற ஆரும் செய்ய ஏலாது," என்று துஷ்யந்தி சொன்னாள். முக்கியமான பொறுப்பு என்றுதான் நினைத்தேன்.

பெருநாள் முடிந்து மக்கீன் நானா வந்ததும், "முன்பக்கம் ஆறுதலாச் செய்யலாம், அவற்ற ரூமை முதல்ல முடியுங்கோ," என்று சொல்லிவிட்டாள். பாருங்கள், ஹோலுக்கு இன்னும் மேல் சிலாப் இல்லை. குசினிக்குச் சுவர் இல்லை. என் அறைக்கு மட்டும் கூரை, கதவு, மின்விசிறி நாலு. ஏன் நாலு என்று கேட்கவில்லை. காற்று வேண்டும் அல்லவா?

நிறம் பூசுகிற நாள் நானே இரவு வேலையால் வந்து நின்றேன்.

"எனக்கு இருட்டா இருக்கவேணும்," என்றேன்.

"அப்ப ஒரு சுவரை முழுக்கக் கறுப்பு அடிப்பம்."

"முழுக்கவோ?"

"மினுங்காத கறுப்பு. கண்ணில அடிக்காது."

என் நித்திரைக்காக ஒரு பெண் புது வீட்டுச் சுவரைக் கறுப்பாக்குகிறாள். கறுப்பு ஆகாது என்று சொல்லுகிற அவளுடைய சொந்தக்காரர் எத்தனை பேர்! நான் வெளியே போய் றேமண்டின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மனம் நிறைந்தால் எனக்குத் தனியே நிற்க முடிவதில்லை.

"உம்மட ரூம் அந்தமாதிரி வருகுது," என்றார் றேமண்ட். "என்ட பேத்திக்கும் அதில ஒரு இடம் சொல்லி வையும்."

"என்ட ரூமிலயோ?"

"ஓம்."

"பிள்ளை உங்கட வீட்டில நித்திரை கொள்ளுறேல்லையோ?"

"கொள்ளுறா."

"பிறகேன்?"

அவர் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"யோகராஜ், நீர் டீச்சரோட கதைக்கிறனீரோ?"

"கலியாணம் கட்டின ஆக்கள் கதைக்காம இருப்பினமோ?"

"இல்ல, பகலில?"

காலமையே ஏதோ குடித்துவிட்டார் என்று முடிவு செய்தேன். கமராவில் இப்படித் தள்ளாடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் தள்ளாடவில்லை என்பதுதான் கொஞ்சம் இடித்தது.

பெயின்ற் காய்ந்த பிறகு ஒருநாள் துஷ்யந்தி சொன்னாள். "இண்டைக்கு அங்க படுத்துப் பாருங்கோ. சத்தம் கேக்குதோ எண்டு வடிவாக் கவனியுங்கோ."

தலையணையும் பாயும் கொண்டுபோனேன். முதல் கதவைச் சாத்தினேன். ஒழுங்கை பாதியாகிப் போனது. இரண்டாவது கதவைச் சாத்தினேன். கொட்டாஞ்சேனையே இல்லை. என் மூச்சு எனக்குக் கேட்டது. அது எனக்குக் கொஞ்சம் அந்நியமான மூச்சாக இருந்தது. ஒரு கல் குளத்துக்குள் இறங்குகிற மாதிரி இறங்கினேன். அடியில் வாய்ப்பாடு இல்லை. மயில் இல்லை. ஒன்றுமே இல்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். துஷ்யந்தி.

"ஏதும் கேட்டதோ?"

"ஒண்டும் கேக்கேல்ல."

"மணி?"

"இல்ல."

"பாண்?"

"இல்ல."

"நானும் மக்கீன் நானாவும் வெளியில நிண்டு தாச்சிச் சட்டியில தட்டினம். றேமண்ட் அண்ணை பாட்டுப் பாடினவர்."

"ஏன்?"

"சும்மா. ஒண்டுமே கேக்கேல்லத்தானே? சத்தியமா?"

"சத்தியமா, துஷி."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். எனக்காக ஒருவர் இவ்வளவு சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று இரவு வேலையில் எல்லோரிடமும் சொன்னேன். வீடு கட்டினால் மனைவியைக் கலந்து கட்டுங்கள் என்று ஆலோசனை சொன்னேன். லிப்ற் திருத்த வந்தவருக்குக்கூடச் சொன்னேன்.

அந்தக் கிழமையே குசினிக்குச் சுவர் எழும்பி, ஹோலுக்கு மேல் சிலாப்பும் போட்டாயிற்று. அடுத்து வந்த திங்கட்கிழமை இனி நிரந்தரமாக அங்கேதான் படுக்கை என்று, வேலை முடிந்து வந்து குளித்து, சாப்பிட்டு, தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உடுத்திருந்த சறத்தோடு ஒழுங்கையில் நடந்தேன். பாண் ஓட்டோ எதிரில் வந்தது. ஊதடா ஊது என்று மனதுக்குள் சொன்னேன்.

என் தனிவாசலுக்கு முன்னால் செருப்புகள் இருந்தன. வரிசையாக. எல்லாம் என் உள்ளங்கை அளவு. சிலவற்றில் பூ, சிலவற்றில் முயல், ஒன்றில் மிதித்தால் மினுங்குகிற லைற்.

ஒரு சத்தமும் இல்லை.

முதல் கதவைத் திறந்தேன். தூரத்தில் எங்கேயோ கடல் மாதிரி ஓர் இரைச்சல். இரண்டாவது கதவைத் திறந்தேன்.

என்னத்தைச் சொல்ல? நாலு விசிறிக்குக் கீழே இருபத்துச் சொச்சம் பிள்ளைகள். பாதிப் பேர் "நிலா நிலா" என்று பாடினார்கள். மிச்சப் பேர் அம்மா வேண்டும் என்று அழுதார்கள். முழங்கால் உயரக் கொழுக்கிகளில் தண்ணீர்ப் போத்தல்கள். முழங்கால் உயரப் பேசினில் ஒரு பெண்பிள்ளை, றேமண்டின் பேத்தி, நிமிர்ந்து நின்று வடிவாகக் கை கழுவினாள். கறுப்புச் சுவரில் பெரிய எழுத்தில் 'அ' என்றும் பக்கத்தில் ஓர் அணிலும்.

"பிள்ளையள், மாமாவுக்குக் குட் மோர்னிங் சொல்லுங்கோ!" என்றாள் துஷ்யந்தி.

"குட் மோர்னிங் மாமா!"

என் தலையணையைப் பார்த்து ஒரு பொடியன் அழுகையை நிறுத்தினான். "இவரும் படுக்க வந்தவரோ, மிஸ்?" என்று கேட்டான்.

துஷ்யந்தி என்னை இரண்டு கதவுக்கும் நடுவில் கூட்டி வந்து இரண்டையும் சாத்தினாள். அந்த இடைவெளியில் ஒருவர்தான் நிற்கலாம். இருவர் நின்றோம்.

"துஷி, இது என்ட ரூம்."

"ஓம். நீங்கள்தான் கீறினீங்கள். இப்பிடி ஒரு மொண்டிசோரி கொழும்பிலேயே இல்லை எண்டு தாய்மார் சொல்லுகினம்."

"நான் நித்திரைக்கு..."

"இஞ்ச பாருங்கோ. ஒரு ஆள் நித்திரை கொள்ள வேணும். இத்தின பிள்ளையள் சத்தம் போட வேணும். நித்திரையை ரூமுக்குள்ள அடைச்சா ஒரு ரூம்தான் அமைதி. சத்தத்தை அடைச்சா வீடு முழுக்க அமைதி. ஹோல்ல படுங்கோ, குசினியில படுங்கோ, விரும்பின இடத்தில படுங்கோ. ஒரு சத்தம் கேக்காது. நீங்கள்தானே சத்தியம் பண்ணினீங்கள்?"

நான் யோசித்தேன். இரண்டு மூன்று பக்கத்தால் யோசித்தேன். பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

"காலமை மட்டுந்தானே மொண்டிசோரி? மத்தியானத்தில எண்டாலும்..."

"மத்தியானத்துக்குப் பிறகு ஸ்கொலர்ஷிப் வகுப்பு."

"அப்ப எனக்கு?"

"ராவு முழுக்க அது உங்கட ரூம்தான், அப்பா. ஒருத்தரும் வரமாட்டினம்."

"ராவில எனக்கு வேலையெல்லோ!"

"அதையும் யோசிச்சன்," என்றாள், மிக அனுதாபமாக. "நீங்கள் பதினாறு கமரா பாக்கிற மனிசன். உங்களுக்கு ஒண்டும் தப்பாது, தெரிஞ்சுதான் விட்டுத்தாறீங்கள் எண்டு நினைச்சன்."

தெரியாது என்று சொல்வதா, தெரியும் என்று சொல்வதா? தலையணையை அடுத்த கக்கத்துக்கு மாற்றினேன்.

"முகத்தை அப்பிடி வைக்காதேங்கோ. உங்களுக்கு மேல ஒரு ரூம் போடுவம். இடமும் கீறி வைச்சிருக்கிறன். போய்ப் பாருங்கோ. போகேக்க புதுச் சிலாப்புக்குத் தண்ணியையும் அடிச்சிட்டு வாங்கோ, இண்டைக்கு இன்னும் அடிக்கேல்ல."

உள்கதவைத் திறந்து அவள் போனாள். நிலா நிலா ஒரு தரம் வெளியே பாய்ந்து, கதவோடு செத்தது.

ஆக, என் முதல் ஆலோசனையை இப்படித் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். யார் எப்போது நித்திரை கொள்வார் என்று பார்த்து வீடு கட்டாதீர்கள். அவர் நித்திரை கொள்கிற நேரம் யார் விழித்திருப்பார் என்று பாருங்கள்.

மரப்படியில் மேலே ஏறினேன். ஹோலுக்கு மேல் போட்ட புதுச் சிலாப் வெயிலில் காய்ந்து வெளுத்துப்போய்க் கிடந்தது. கிழக்கு மூலையில் வெண்கட்டியால் ஒரு சதுரம். வடிவான நேர்க்கோடு. டீச்சர் கோடு. ஒரு பக்கம் கதவுக்கு இடைவெளி விட்டிருந்தாள். உள்ளே கட்டிலுக்கு ஒரு பெட்டி, அதன் தலைமாட்டில் தலையணைக்கு ஒரு சின்னப் பெட்டி. தலை எந்தப் பக்கம் என்றுகூட யோசித்திருக்கிறாள். கதவுக்கு விட்ட இடைவெளியால் உள்ளே போய், தலையணையை அதன் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

கீழே ஒழுங்கையில் பாண் ஓட்டோ திரும்பிப் போனது. இங்கே நன்றாகக் கேட்டது.

தலையணையைச் சுவர் விளிம்பில் எடுத்து வைத்துவிட்டு, ஹோஸ் பைப்பைத் திறந்தேன். சதுரத்தைச் சுற்றி, கோட்டில் ஒரு துளி படாமல், கவனமாகத் தண்ணீர் அடித்தேன்.

துஷ்யந்தி வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"நடுவில ஏன் விடுறீங்கள்? உள்ளுக்கும் அடியுங்கோ, வெடிச்சுப் போகும்."

"என்ட ரூம் அழிஞ்சிடும்!"

"அதுக்கென்ன, அடியுங்கோ. இனி எங்களிட்ட வெண்கட்டி நிறைய இருக்குத்தானே."

வெண்கட்டிக் கட்டிலில் இருந்து தண்ணீர் அடிக்கத் தொடங்கினேன்.